வாயிற்படியில் இருந்த சிறுவன்

(டிக்கன்ஸின் "பிளீக் ஹவுஸ்" காட்டும் வறுமையும் அநீதியும்)

1851-ஆம் ஆண்டு மே மாதத்தில் லண்டன் மாநகரின் ஹைடு பூங்காவில், இரும்பும் கண்ணாடியுங் கொண்டு எழுப்பப்பட்ட பெரியதோர் மண்டபத்தில் உலகப் பொருட்காட்சி திறக்கப்பெற்றது. நீராவிப் பொறிகளும் நெசவுத் தறிகளும் கோஹினூர் வைரமும் ஒரே கூரையின்கீழ் வைக்கப்பட்டிருந்தன. அவ்வாண்டு அக்டோபர் மாதம் முடியுமுன் ஏறத்தாழ 60 லட்சம் பேர் அவற்றைக் கண்டு சென்றனர். தன் செல்வத்தைத் தானே கண்டு வியந்து நின்றது இங்கிலாந்து. மறு ஆண்டு மார்ச்சு மாதத்தில், சார்ல்ஸ் டிக்கன்ஸ் எழுதிய "பிளீக் ஹவுஸ்" என்னும் நாவல் மாதப் பகுதிகளாக வெளிவரத் தொடங்கிற்று. அதன் முதற் பக்கத்தில் பளபளக்கும் பொருள் ஒன்றேனும் இல்லை. வீதியெங்கும் சேறு; நகரெங்கும் மூடுபனி. அம்மூடுபனியின் நட்டநடுவே ஒரு நீதிமன்றம் அமர்ந்திருக்கின்றது.

செல்வம் செழித்த நாட்டிலும் ஏழைகள் உளர் என்று கூறுதல் எளிது. அவ்வறுமைக்கும் நீதிமன்றத்துக்கும், பிரபுவின் மாளிகைக்கும் தெருப் பெருக்கும் சிறுவனுக்கும் உள்ள தொடர்பை இழையிழையாகப் பிரித்துக் காட்டுதல் அரிது. அவ்வரிய செயலைச் செய்ததே இந்நாவலின் தனிச்சிறப்பாகும். இந்நூல் வறுமையை எவ்வாறு காண்கிறது, அநீதிக்கு யாரைப் பொறுப்பாக்குகிறது, ஆசிரியரின் கண்ணுக்கு எட்டாது போனது யாது என்னும் மூன்றையும் ஒருவாறு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆசிரியரும் அவர் பட்ட துன்பமும்

டிக்கன்ஸ் 1812-ஆம் ஆண்டு போர்ட்ஸ்மத் நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் கடற்படை அலுவலகத்தில் எழுத்தர். வரவுக்கு மேல் செலவு செய்பவர். 1824-ஆம் ஆண்டில் கடன்பட்ட குற்றத்துக்காக அவர் மார்ஷல்ஸீ என்னும் சிறையில் அடைக்கப்பட்டார். பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய டிக்கன்ஸ், தேம்ஸ் ஆற்றங்கரையில் எலிகள் ஓடித்திரியும் பழைய கட்டிடமொன்றில், காலணிக்குப் பூசும் கருமைப் புட்டிகளுக்குத் தாள் ஒட்டிப் பிழைத்தார். இச்செய்தியைத் தம் வாழ்நாளில் அவர் உலகறியச் சொல்லவில்லை. அவர் மறைந்தபின் நண்பர் பார்ஸ்டர் எழுதிய சரித்திரத்தாலேயே அது வெளியாயிற்று. பின்னர் இளமையில் வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராகவும், நீதிமன்றங்களில் சுருக்கெழுத்தாளராகவும் அவர் பணிபுரிந்தார். எனவே பசியின் சுவையையும் சட்டத்தின் சுவையையும் ஒருங்கே அறிந்தவர் அவர்.

சான்ஸரி நீதிமன்றத்தின் இயல்பைத் தம் பணத்தைக் கொடுத்தும் அவர் கற்றுக்கொண்டார். தம்முடைய கிறிஸ்துமஸ் கதையொன்றைச் சிலர் திருடி அச்சிட்டபோது, 1844-ஆம் ஆண்டில் அம்மன்றத்தில் வழக்குத் தொடுத்தார், வென்றும் விட்டார். ஆயினும் தோற்றவர்கள் பாப்பராகி விட்டமையால், வென்றவர் தலையிலேயே சுமார் 700 பவுன் செலவு விழுந்தது. அன்று பட்ட புண்ணே பின்னர் இந்நாவலாயிற்று எனினும் பொருந்தும்.

ஜார்ண்டைஸ் வழக்கு

கதையின் அச்சாணி ஜார்ண்டைஸ் குடும்பத்தாரின் உயில் வழக்கு. அது தொடங்கிய காலத்தில் பிறந்த குழந்தைகள் வளர்ந்து மணம்புரிந்து மூப்பெய்தி மாண்டனர். வழக்கு மட்டும் மாளவில்லை. மிஸ் பிளைட் என்னும் முதியவள், தீர்ப்பு வரும் நாளில் விடுவிப்பதாகச் சொல்லிச் சிறு பறவைகளைக் கூட்டில் வளர்த்துக்கொண்டு, நாள்தோறும் மன்றத்துக்கு வருகிறாள். அவள் சித்தம் என்றோ கலங்கிவிட்டது. ஷ்ராப்ஷயர்க்காரராகிய கிரிட்லி, தமக்குரிய சிறு உரிமைப் பணத்தை நாடி வந்து, உரிமையையும் உடலையும் இழந்து மடிகிறார். அழகும் அறிவும் வாய்ந்த ரிச்சர்டு என்னும் இளைஞன், வழக்கில் தனக்குச் செல்வம் வரும் என்னும் நம்பிக்கையால் ஒரு தொழிலிலும் நிலைகொள்ளாது தேய்கிறான். இறுதியில் புதிய உயில் ஒன்று கிடைக்கிறது. ஆனால் அதனை மன்றத்தார் ஆராயுமுன்னரே சொத்து முழுவதும் வழக்குச் செலவில் கரைந்துபோயிற்று என்பது தெரிய வருகிறது. வக்கீல்கள் நகைத்துக்கொண்டே வெளியேறுகின்றனர். அன்றே ரிச்சர்டு உயிர்விடுகிறான். அதன் பின்னரே பிளைட் தன் பறவைகளைத் திறந்துவிடுகிறாள்.

இது மிகையன்றோ என வினவியோர் அக்காலத்திலும் இருந்தனர். 1853-ஆம் ஆண்டு நூல் நிறைவுற்றபோது ஆசிரியர் தம் முன்னுரையில் அவர்கட்கு விடையிறுத்தார். ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக நடந்துவரும் மெய்யான வழக்கொன்றில் முப்பது நாற்பது வக்கீல்கள் ஒரே வேளையில் தோன்றியதையும், அதில் 70,000 பவுன் செலவாகியும் முடிவு அணுகாதிருந்ததையும் அவர் எடுத்துக்காட்டினார். முந்திய நூற்றாண்டிலேயே தொடங்கிய வேறொரு வழக்கு அத்தொகையின் இருமடங்குக்கு மேல் விழுங்கிவிட்டதென்பதையும் கூறினார்.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. இந்நாவலில் நீதிபதி கொடியவர் அல்லர். வக்கீல்களுள் பலர் குடும்பத்தைக் காப்பாற்றும் சாதாரண மனிதர்கள். ஒவ்வொருவரும் தத்தம் அலுவலை முறைப்படி செய்கின்றனர். எல்லோரும் முறைப்படி செய்ததன் விளைவு, ஒருவருக்கும் நீதி கிடையாமை. தீயவன் ஒருவனைக் காட்டி, அவனைத் தண்டித்து, வாசகரை மனநிறைவோடு உறங்கச் செய்யும் கதை இதுவன்று. குற்றம் செய்தவர் யார் என்று தேடினால் மூடுபனியே கைக்கு அகப்படுகிறது.

சொத்தும் சேரியும்

இவ்வழக்கு பணமுடையோர் வழக்கு அன்றோ, ஏழைகட்கு இதில் என்ன என்று எண்ணலாம். விடையாக ஆசிரியர் நம்மை டாம்-ஆல்-அலோன்ஸ் என்னும் சேரிக்கு அழைத்துச் செல்கிறார். இடிந்த சுவர்களும் தூண்கொடுத்து நிறுத்திய வீடுகளும் நிறைந்த தெரு அது. வீடுகள் சில வேளை இடிந்து விழுகின்றன. செய்தித்தாளில் நான்கு வரி வருகின்றது. எஞ்சிய வீடுகளில் மக்கள் மீண்டும் நெருக்குண்டு வாழ்கின்றனர். அத்தெருவைப் பழுது பார்ப்பார் ஏன் இல்லை? அது வழக்கிலுள்ள சொத்து. உரியவர் யார் என்று தீராதவரையில் ஓட்டையை அடைக்கவும் ஒருவர்க்கு அதிகாரமில்லை. மன்றத்திற் புரளும் தாள்களே சேரியில் ஒழுகும் கூரையாகின்றன. வறுமையை ஊழ்வினையென்றோ சோம்பலின் பயனென்றோ கூறிவிடாமல், அது எந்தக் கதவு வழியாக வந்தது என்று காட்டிய இடம் இது.

சேரியின் நோய் சேரியோடு நிற்பதில்லை. அங்குள்ள காற்றும் அழுக்கும் குருதியும் நகரின் மிக உயர்ந்தோர்வரையில் சென்று பழிவாங்கும் என்று ஆசிரியர் எச்சரிக்கின்றார். இது வெறும் அலங்காரமன்று. 1848, 1849 ஆண்டுகளில் லண்டனைக் காலரா வாட்டிற்று. டூட்டிங் என்னும் ஊரில், ஏழைப் பிள்ளைகளைக் குத்தகைக்கு எடுத்து வளர்த்த விடுதியொன்றில் 1849-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 150-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அந்நோயால் மாண்டனர். டிக்கன்ஸ் அதனைக் கண்டித்துப் பத்திரிகையில் எழுதினார். இந்நாவலில் ஸ்னாக்ஸ்பி என்பவர் வீட்டில் வேலை செய்யும் கஸ்டர் என்னும் பெண்ணை, அதே டூட்டிங்கில் வளர்ந்தவளாக அவர் படைத்திருப்பது கருதத்தக்கது.

ஜோ

இச்சேரியில் உறங்குபவன் ஜோ. வீதியைக் கடப்போர் கால்களிற் சேறு படாதவாறு துடைப்பத்தாற் பெருக்கி வழிசெய்து, அவர்கள் எறியும் காசால் வயிறு வளர்ப்பவன். தாயறியான், தந்தையறியான், தன் பெயருக்கு மேல் ஒரு பெயர் வேண்டுமென்பதும் அறியான். கடைகளின் மேலுள்ள எழுத்துக்கள் அவனுக்கு வெறுங் கோடுகள். எல்லோரும் அவற்றைப் பார்த்து ஏதோ அறிந்துகொள்ள, தான் மட்டும் அறியாதிருப்பது எத்தகையதோர் இருள் என்று ஆசிரியர் நின்று நினைக்கும் இடம், எழுத்தறிந்த எவரையும் நாணச் செய்யும்.

நீமோ என்னும் பெயரில் வாழ்ந்த எழுத்தர் ஒருவர் இறந்தபோது நடந்த மரண விசாரணைக்கு ஜோ அழைக்கப்படுகிறான். அவரைப்பற்றி அறிந்தவன் அவன் ஒருவனே. காசில்லாத நாளில் காசில்லையென்று சொல்லியும், உள்ள நாளில் கொடுத்தும், அவனோடு மனிதனாகப் பேசியவர் அவர். ஆயினும் சத்தியப் பிரமாணம் யாதென்று அறியாதவன் என்பதால் அவன் சாட்சியம் தள்ளப்படுகிறது. பொய் சொல்லுதல் தீது என்று மட்டும் அறிந்த சிறுவனுக்கு நீதிமன்றத்தில் இடமில்லை. 1850-ஆம் ஆண்டில் லண்டன் மன்றமொன்றில் தெருப் பெருக்கும் சிறுவன் ஒருவனிடம் இத்தகைய கேள்விகள் கேட்கப்பட்ட செய்தி இதற்கு அடிப்படை என அறிஞர் கருதுவர். நீமோ புதைக்கப்பட்ட இடுகாட்டின் வாயிற்படியை அன்றிரவு ஜோ தன் துடைப்பத்தாற் பெருக்கிச் செல்கிறான். அவனால் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.

அதன் பின்னர் அவன் கேட்பதெல்லாம் ஒரே கட்டளை: நகர்ந்து போ. கான்ஸ்டேபிள் கூறுகிறார், துப்பறியும் அதிகாரி கூறுகிறார். எங்கே போவது என்று அவன் கேட்கிறான். அதற்கு விடை கூறுதல் எவருடைய அலுவலும் அன்று. சாட்பண்டு என்னும் போதகர் நன்றாக உண்டு நெய்வழியும் முகத்தோடு நீண்டதோர் பிரசங்கம் செய்கிறார். சிறுவனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அப்போது கஸ்டர் தன் இரவுணவாகிய ரொட்டியையும் பாலாடைக் கட்டியையும் அவன் கையில் வைத்து, தோளைத் தட்டிக் கொடுக்கிறாள். அந்தப் பிரசங்கம் முழுவதிலும் இல்லாத சுவிசேஷம் இவள் கையில் இருந்தது என்பதை நாம் சொல்லாமலே உணர்கிறோம்.

நோயுற்ற ஜோ, பிளீக் ஹவுஸ் என்னும் அன்பு நிறைந்த இல்லத்தையும் ஒருமுறை அடைகிறான். ஆனால் விருந்தினர் ஒருவர் கைக்கூலி பெற்றுக்கொண்டு துப்பறிவாருக்கு வழிகாட்ட, இரவோடிரவாக அவன் அப்புறப்படுத்தப்படுகிறான். அவனிடமிருந்து நோய் பணிப்பெண் சார்லிக்கும், அவளிடமிருந்து கதாநாயகி எஸ்தருக்கும் தொற்றி, எஸ்தரின் முகத்தை வடுப்படுத்துகிறது. இதனை அறிந்த ஜோ, இறக்குந் தறுவாயில் ஸ்னாக்ஸ்பியிடம் ஒரு வரம் கேட்கிறான்: தான் வேண்டுமென்று செய்யவில்லை, மன்னிக்க வேண்டும் என்பதை எல்லோரும் காணுமாறு மிகப் பெரிய எழுத்துக்களில் எழுதிவைக்க வேண்டுமாம். எழுத்தறியாதவன் எழுத்தை நம்பிக் கேட்ட வரம் அது. நீதிமன்றத்தார் ஒருவரும் மன்னிப்புக் கேளாத இக்கதையில், குற்றமற்ற சிறுவன் மன்னிப்புக் கேட்கிறான். மருத்துவர் வுட்கோர்ட் சொல்லிக் கொடுக்க, கர்த்தர் கற்பித்த ஜெபத்தை அவன் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொல்கிறான். முதல் வேண்டுதல் முடியுமுன் உயிர் பிரிகிறது. உடனே ஆசிரியர் கதையை நிறுத்தி, அரசியையும் பிரபுக்களையும் குருமாரையும் நேர்முகமாக விளித்து, இத்தகையோர் நாடோறும் நம்மைச் சுற்றி மடிகின்றனர் என்கிறார்.

தூரத்துக் கருணை

ஜோவுக்கு உதவுவார் அந்நகரில் இல்லையா? தர்மம் செய்வோர் நிரம்ப உளர். திருமதி ஜெல்லிபி, ஆப்பிரிக்காவில் நைஜர் ஆற்றங்கரையிலுள்ள ஒரு குடியேற்றத்துக்காக இரவும் பகலும் கடிதங்கள் எழுதுகிறாள். அவளுடைய குழந்தைகளோ மாடிப்படியில் உருண்டு விழுகின்றனர். திருமதி பார்டிகிள், செங்கல் அறுப்பவன் ஒருவன் குடிசைக்குள் கேளாமலே நுழைந்து துண்டுப் பிரதி வாசிக்கிறாள். அதே அறையில் தாயின் மடியில் ஒரு குழந்தை இறந்துகொண்டிருப்பதை அவள் காணவில்லை. அதனைக் கண்டவர்கள் எஸ்தரும் ஏடாவும், தன் வீட்டிலும் ஒன்றுமில்லாத அண்டைவீட்டுப் பெண்ணுமே.

இவ்வரிசையில் ஓரிடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்தேன். பசித்த ஜோ ஒரு காலை, ஒரு பெரிய கட்டிடத்தின் வாயிற்படியில் அமர்ந்து தன் ரொட்டித் துண்டைத் தின்கிறான். தின்றபின் இடங்கொடுத்ததற்கு நன்றியாக அப்படியைப் பெருக்கிவிட்டுப் போகிறான். அக்கட்டிடம் எதற்கென்று அவன் அறியான். அது சுவிசேஷத்தைப் பிறநாடுகளில் பரப்பும் சங்கத்தின் அலுவலகம். அதாவது நம் திருநெல்வேலிச் சீமையில் எஸ்.பி.ஜி. என்று சிறுவரும் அறிந்த சங்கம். தென்னைமரங்களினிடையே வாழும் ஆன்மாக்களைத் தேட ஆகும் செலவைக் குறித்து ஆசிரியர் அங்கே ஏளனமாகப் பேசுகிறார். அவர் கருதியது பசிபிக் தீவுகளின் தென்னை. நம்முடையது தேரிக்காட்டுப் பனை. வேறுபாடு அவ்வளவே. 1841 முதல் இடையன்குடியில் அச்சங்கத்தின் ஊழியராயிருந்தவர் கால்டுவெல் ஐயர். ஜோவின் கதை முடிந்து மூன்றாண்டு கழித்து, 1856-இல், அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர் அந்நூலைத் தொடாமல் கரையேற இயலாது. பனையேறும் குடியிற் பிறந்த பிள்ளைகள் பலர் முதன்முதல் எழுத்தறிந்ததும் அத்தகைய சங்கங்களின் பள்ளிகளிலேயே. ஜோவுக்குக் கோடுகளாய் நின்ற எழுத்து, அவர்களுக்குத் திறந்தது.

அங்ஙனமாயின் டிக்கன்ஸ் கூறியது தவறா? வாயிற்படியில் இருந்த சிறுவன் பசியோடு இருந்தது மெய். அவனை ஒருவரும் உள்ளே அழையாததும் மெய். அக்கட்டிடத்திலிருந்து புறப்பட்ட நன்மையை உண்டு வளர்ந்த வழியில் வந்தோர், அவன் பசியை மறுத்துப் பேசுதல் அழகன்று. ஆயினும் தூரத்தே செல்லும் கருணையெல்லாம் போலி என்னும் முடிவுக்கும் நம்மால் உடன்பட இயலாது.

ஆசிரியர் கண்ணுக்கு எட்டாதது

ஈண்டு ஆசிரியரின் குறையையும் மறையாது கூறவேண்டும். ஜெல்லிபியின் ஆப்பிரிக்கத் திட்டம் தோல்வியுற்றபின், பெண்கள் பாராளுமன்றத்தில் அமரும் உரிமைக்காக அவள் பாடுபடுவதாகக் கூறி, அதனையும் அவர் நகைப்புக்கிடமாக்கினார். ஜான் ஸ்டூவர்ட் மில் என்னும் பேரறிஞர் இதனைப் படித்துச் சினந்தார். இதனினும் கொடியது ஒன்றுண்டு. 1857-ஆம் ஆண்டு இந்தியாவில் கிளர்ச்சி எழுந்தபோது, தாம் அங்கே படைத்தலைவராயிருப்பின் அவ்வினத்தையே அழித்தொழிக்க முயல்வேன் என்னும் கருத்துப்படத் தம் நண்பர் ஏஞ்சலா பர்டெட்-கூட்ஸ் அம்மையாருக்குக் கடிதம் எழுதினார். ஜோவுக்காக அழுத கண்ணே இவ்வாறு நோக்கியது. ஜெல்லிபி தூரத்தைக் கண்டு அருகைக் காணாதவள். அவளைப் படைத்தவரோ அருகைக் கண்டு தூரத்தைக் காணாதவர். குறை ஒன்றே, திசைதான் வேறு.

ஆனால் இக்குறையை அளப்பதற்குரிய கோலையும் அவர் நூலே நமக்குத் தருகின்றது. சேரியும் மாளிகையும் ஒரே காற்றைச் சுவாசிக்கின்றன என்று நிறுவியவர் அவர். அவ்வுண்மை லண்டன் எல்லையோடு நிற்பதற்குக் காரணம் யாதும் இல்லை. அவர் வாதத்துக்கு எல்லையில்லை. அவர் இரக்கத்துக்கே எல்லையிருந்தது. இந்நாவலை அவர் இரு குரல்களால் சொல்லியிருப்பதும் நினைக்கத்தக்கது. பெயரில்லாத ஒருவர் மேலிருந்து நகரனைத்தையும் பார்த்துச் சினத்தோடு பேசுகிறார். எஸ்தர் தன் அருகிலுள்ளவற்றை அன்போடு சொல்கிறாள். சினமின்றி அன்பு மட்டும் போதுமெனில் ஜோ பிழைத்திருக்க வேண்டும். பிளீக் ஹவுஸில் அன்புக்குக் குறைவில்லை. அன்பின்றிச் சினம் மட்டும் போதுமெனில் கஸ்டர் கொடுத்த ரொட்டிக்கு வேலையில்லை.

முடிவுரை

டிக்கன்ஸ் 1870-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் காலமானார். இரண்டு மாதம் கழித்து, இங்கிலாந்தில் ஊர்தோறும் பள்ளி வைப்பதற்குரிய கல்விச் சட்டம் நிறைவேறிற்று. 1873-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1875 முதல் சான்ஸரி தனி நீதிமன்றமாக இல்லாது ஒழிந்தது. இவற்றை ஒரு நாவல் செய்ததென்று கூறுதல் மிகை. ஆயினும் ஜோவைக் கண்டபின், எழுத்தறியாச் சிறுவனைக் காணவில்லையென்று சொல்ல எவராலும் இயலாது போயிற்று.

பார்டிகிளின் கேள்விக்கு விடையாக எஸ்தர் ஒரு கருத்துக் கூறுகிறாள்: அண்டையிலுள்ளோர்க்கு இயன்றதைச் செய்து, கடமையின் வட்டம் மெல்ல மெல்ல விரியுமாறு விடுவதே தனக்குத் தக்கது என்கிறாள். முதற் பாதியை நாம் எளிதில் ஒப்புவோம், பிற்பாதியே கடினம். வட்டம் விரியும்போது, நமக்கு விருப்பமில்லாதோரும் அதனுள் வருவர். டிக்கன்ஸ் அங்கே நின்றுவிட்டார். கற்ற நாம் அவ்விடத்தில் நில்லாது ஓரடி அப்பால் வைப்போமாக. வைக்கும்போது நம் வாயிற்படியில் யார் இருக்கின்றார் என்பதையும் குனிந்து பார்ப்போமாக.